கான்ட்ராக்ட்தான் முடிந்தது, கவுன்சிலின் கடமை முடியவில்லை

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. பல வருடச் சீனி வருத்தம் கண்ணைப் பாதித்து, போன வருடம் ஆஸ்பத்திரியில் ‘கடுமையான பார்வைக் குறைபாடு’ என்று சான்றிதழ் தந்தார்கள். இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறார். எங்கள் பகுதி உள்ளாட்சியான கவுன்சிலுக்காக ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்து, அடுப்படி வேலையும் வெள்ளைப் பிரம்போடு நடப்பதும் பழக்கிக்கொண்டிருந்தார். நாலு தடவை வந்தார். மார்ச் 31ஓடு அந்த நிறுவனத்தின் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று ஒரு கடிதம் வந்தது. இடைக்காலமாக ஒரு வருடத்துக்கு வேறு நிறுவனம் பார்க்கிறதாம். அவர்களுக்குப் போன் போட்டால், “வெயிட்டிங் லிஸ்ட் இருக்கிறது, மகள் கூடவே இருப்பதால் உங்கள் அம்மா அவசரக் கேஸ் இல்லை” என்கிறார்கள். அதற்குள் கண், காது இரண்டுக்கும் ஒரே சேவையாக மாற்றப்போவதாகக் கவுன்சில் கருத்துக் கேட்கிறது. 38 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில். அண்ணாவோ, “கவுன்சிலிடம் போய்க் கையேந்த வேண்டாம், நாங்களே பார்ப்போம்” என்கிறார். நான் யாரைக் கேட்பது? அந்தப் படிவத்தை நிரப்புவதால் ஏதாவது ஆகுமா? இன்னொன்று, அம்மா சில நேரம் சுவரில் கோலம் தெரிகிறது என்கிறார். யாரிடமும் சொல்லப் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களை ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். பார்வை பெருமளவு போனவர்களில் பலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும். கோலம், கம்பி வலை, செங்கல் சுவர், பூக்கள், சில நேரம் சின்னச் சின்ன மனிதர்கள். கண்ணிலிருந்து வரவேண்டிய படம் வராதபோது மூளை தன் பாட்டுக்கு எதையாவது வரைந்துகொள்கிறது. கண்புரையால் பார்வை குறைந்த தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760இல் சார்ல்ஸ் பொனே என்ற ஸ்விஸ் அறிஞர் எழுதிவைத்தார். டாக்டர்கள் இன்றைக்கும் அவர் பெயரால்தான் இதைக் குறிப்பிடுகிறார்கள். படம் மட்டும்தான் வரும், குரல் வராது. அது நிஜமில்லை என்று பார்ப்பவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும். உங்கள் அம்மாவும் கோலம் ‘தெரிகிறது’ என்றுதான் சொல்கிறார், யாரோ வந்து போட்டுவிட்டுப் போனதாகச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஆனாலும் உங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடமும் கண் கிளினிக்கிலும் கட்டாயம் சொல்லுங்கள். கிருமித் தொற்று, மாத்திரை, மறதி நோய் என்று வேறு காரணம் எதுவும் இல்லை என்பதை அவர்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். சமூகப் பணியாளராக நான் போன ஒரு வீட்டில் வாசலில் மூன்று மாதமாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டி தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, “அப்போ எனக்கு விசரில்லையா?”

சரி, கவுன்சிலுக்கு வருவோம்.

நீங்கள் போன் போட்ட இடமே தவறு. அது உங்கள் குற்றமில்லை, வந்த கடிதத்தில் அந்த நம்பர்தான் இருந்திருக்கும். கல்யாண வீட்டில் சமையலைக் கான்ட்ராக்டுக்கு விட்டிருக்கிறார்கள். பந்தியில் உட்கார வைத்துப் பாதி இலையில் சாதமே வரவில்லை என்றால் அழைத்த வீட்டுக்காரரைத்தானே கேட்போம்? இங்கே வீட்டுக்காரர் கவுன்சில். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் என்ற பராமரிப்புச் சட்டம் இந்தப் பொறுப்பைக் கவுன்சிலின் தலையில்தான் வைத்திருக்கிறது. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது. தன் சார்பில் வேறொருவர் செய்ததும் செய்யாமல் விட்டதும் கவுன்சிலே செய்ததாகவும் விட்டதாகவும்தான் கணக்கு என்று அந்தச் சட்டத்தின் 79ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. ஆகவே புது நிறுவனத்தின் வெயிட்டிங் லிஸ்ட் என்பது கவுன்சிலின் வெயிட்டிங் லிஸ்ட்.

கவுன்சிலின் அடல்ட் சோஷியல் கேர் என்ற பெரியவர்களுக்கான பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். போனில் பேசினால் பேசியவரின் ஞாபகத்தோடு போய்விடும், எழுதினால் தேதி நிற்கும். அதில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்.

முதலாவது, அம்மாவுக்குக் கேர் ஆக்டின் 9ஆம் பிரிவின்படி தேவை மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். ‘உதவி வேண்டும்’ என்று எழுதினால் அது ஒரு விசாரிப்பாகப் பதிவாகும். ‘9ஆம் பிரிவு மதிப்பீடு’ என்று எழுதினால் கோரிக்கையாகப் பதிவாகும். அற்ப வித்தியாசம்தான், ஆனால் கவுன்சிலின் பக்கம் மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு கடிதங்களும் போய்ச் சேரும் இடம் வேறு.

இரண்டாவதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமானது. நீங்கள் கண்ணைப் பற்றி ஏழெட்டு வரி எழுதிவிட்டுக் காதுமெஷினை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் பார்க்கப்போனால் அந்த ஒரு வரிக்குத்தான் கனம் அதிகம். கண்ணும் காதும் சேர்ந்து குறைந்து, அதனால் பேச்சுத் தொடர்பிலும் தகவல் அறிவதிலும் நடமாட்டத்திலும் சிரமம் வந்தால் அவரை ‘டெஃப்பிளைண்ட்’ என்று கொள்ளவேண்டும். இரண்டும் முழுக்கப் போயிருக்கவேண்டும் என்பதில்லை. அப்படிப்பட்டவரை மதிப்பிட வருபவருக்கு அதற்கென்றே தனிப் பயிற்சியும் தேர்ச்சியும் இருக்கவேண்டும் என்பது 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளில் உள்ள கட்டாயம். கால் சென்டரில் இருக்கும் பிள்ளை போனிலேயே கேள்வி கேட்டு, ‘அவசரமில்லை’ என்று டிக் அடித்து முடிக்கிற வேலை இல்லை அது.

ஏன் இந்தத் தனிக் கவனம் என்று உங்கள் அடுப்படியிலேயே பார்க்கலாம். பார்வை இல்லாமல் தாளிப்பவர்கள் எண்ணெய் காய்ந்ததைக் கடுகு வெடிக்கும் சத்தத்தில் பிடித்துக்கொள்வார்கள். வெங்காயம் வதங்கியதை வாசனையில் பிடிப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கடுகுச் சத்தமும் அரைகுறையாகத்தான் விழும். மேலே புகைபோக்கி ஃபேன் ஓடினால் அதுவும் இல்லை. ரோட்டைக் கடப்பதும் அப்படித்தான். கண் தெரியாதவருக்குக் காதுதான் கண் என்று சொல்லிப் பழக்கும் பாடம் எதுவும் அவருக்கு அப்படியே பொருந்தாது. இதை மின்னஞ்சலில் இரண்டு வரியாக எழுதுங்கள், கடுகு உட்பட. படிக்கிற அதிகாரிக்குக் கடுகு தெரியாமல் இருக்கலாம், ‘சூடான எண்ணெய்’ புரியும்.

மூன்றாவது, “மகள் கூட இருப்பதால்” என்ற அந்தப் பதில். மதிப்பீடு செய்யும்போது, வீட்டில் யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, இவருக்கு என்னென்ன தேவை என்று முழுமையாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் அரசின் வழிகாட்டுதல். நீங்கள் செய்வது எவ்வளவு, தொடர்ந்து செய்ய முடியுமா, செய்ய விருப்பமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு. அதுவும் 10ஆம் பிரிவின்படி உங்களுக்கென்று தனியாக ஒரு மதிப்பீடு. அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

உதவி பெறும் தகுதிக்குப் பத்துக் காரியங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. சாப்பாடு தயாரித்துச் சாப்பிடுவது, குளிப்பது, வீட்டுக்குள் ஆபத்தில்லாமல் புழங்குவது, உறவுகளைப் பேணுவது, பஸ் போன்ற ஊர் வசதிகளைப் பயன்படுத்துவது என்று போகும். குறைபாட்டால் அதில் இரண்டோ அதற்கு மேலோ முடியாமல் போய், அதனால் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டால் தகுதி உண்டு. ‘முடியாது’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் நம் பேச்சு வழக்கைவிட அகலமானது. செய்ய முடிகிறது, ஆனால் பயந்து நடுங்கிச் செய்கிறார், அல்லது ஆபத்தோடு செய்கிறார், அல்லது வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்துச் செய்கிறார் என்றாலும் அது முடியாததாகத்தான் கணக்கு. நம் அம்மாக்கள் “அதெல்லாம் செய்வேன்” என்று சொல்லிவிடுவார்கள். எப்படிச் செய்வீர்கள் என்று யாராவது கேட்டால்தான் கதை வெளியே வரும்.

இனி, நின்றுபோன பயிற்சி. திறனை மீட்டுத் தருவதற்காகக் கொடுக்கும் குறுகிய கால உதவிக்கு முதல் ஆறு வாரம் கட்டணம் வாங்கக்கூடாது. பார்வை இழந்தவர்களுக்கு ஆறு வாரம் போதாமல் போகலாம், அதற்கு மேலும் இலவசமாகத் தொடர்வதைக் கவுன்சில் யோசிக்கவேண்டும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சின்னச் சாதனங்களும் மாற்றங்களும் இலவசம். கோப்பையின் விளிம்பில் மாட்டினால் தண்ணீர் நிரம்பியதும் கத்தும் கருவி, அடுப்புத் திருகில் ஒட்டும் பொட்டு எல்லாம் அதில் வந்துவிடும். அம்மாவுக்குக் காதும் மந்தம் என்பதால் கத்துவதோடு அதிரவும் செய்யும் கருவியாகக் கேளுங்கள்.

நாலு தடவை வந்து பாதியில் நின்ற பயிற்சி, தொடங்காததைவிட மோசம். பிரம்பைக் கையில் கொடுத்துவிட்டு, படியில் இறங்குவது வரை சொல்லிக்கொடுத்து, ஏறுவதைச் சொல்லிக்கொடுக்காமல் போனால் என்ன ஆகும்? இதை அப்படியே எழுதுங்கள். அம்மாவின் ஃபைல் இப்போது யாரிடம் இருக்கிறது, பழைய பயிற்சித் திட்டத்தைப் புது நிறுவனத்திடம் ஒப்படைத்தார்களா என்றும் கேளுங்கள். கான்ட்ராக்ட் கை மாறும்போது பல சமயம் ஊழியர்களும் அதே வேலை நிபந்தனைகளோடு புது நிறுவனத்துக்கு மாறுவார்கள், அதற்கென்றே 2006இல் வந்த விதிகள் இருக்கின்றன. அதே பயிற்சியாளர் பக்கத்துத் தெருவில் வேறு நிறுவனத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கலாம். அம்மாவின் கை, நடை, பயம் எல்லாம் தெரிந்தவர். அவரையே கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் லாபம்.

இன்னும் ஒன்று, சீக்கிரமாக. சான்றிதழ் கிடைத்தது என்கிறீர்கள், கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று பாருங்கள். சான்றிதழ் போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் கவுன்சில் உங்களைத் தொடர்புகொண்டிருக்கவேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது அவர்களுக்குக் கட்டாயம், பெயரைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். சேர்த்துவிடுங்கள். டி.வி. லைசென்ஸ் பாதிக் கட்டணம், காரை நிறுத்தச் சலுகை தரும் புளூ பேட்ஜ் எல்லாவற்றுக்கும் அது உதவும். பென்ஷன் வயதைத் தாண்டியவர்களுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகை தனியாக இருக்கிறது, அதற்கு வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. அம்மா விசாவில் இருந்து, பொதுநிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் மட்டும், அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு குடிவரவு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்சில் தரும் கேர் அந்தப் பொதுநிதிப் பட்டியலில் இல்லை.

அண்ணா சொன்னதைப் பற்றி. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் வீடுகளில் பாதி அண்ணாக்கள் இதைத்தான் சொல்வார்கள், அன்பில்தான் சொல்வார்கள். ஆனால் அவருக்கு ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். 1920 ஏப்ரலில், பார்வையில்லாத தொழிலாளர்கள் ஏறத்தாழ 250 பேர், இங்கிலாந்தின் வடக்கிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் லண்டன் டிரஃபால்கர் சதுக்கம் வரை நடந்தே வந்தார்கள். அவர்கள் பிடித்து வந்த பதாகையில் இருந்தது, ‘தர்மம் வேண்டாம், நியாயம் வேண்டும்’ என்ற கோஷம். அதே வருடம் வந்த சட்டம்தான் பார்வையற்றோர் நலனைக் கவுன்டி கவுன்சில்களின் கடமையாக்கியது. உங்கள் அம்மாவுக்கு வந்த பயிற்சியாளரின் வேர் அங்கே இருக்கிறது. கையேந்தக் கூடாது என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான். அதற்காகத்தான் நடந்தார்கள். அண்ணா கவுன்சில் வரியும் கட்டுகிறார் என்பதை வேண்டுமானால் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 38 கேள்வி.

நிரப்புங்கள். இதை நான் பட்டும் படாமலும் சொல்லவில்லை. பல வருடம் சமூகப் பணியாளராக வீடு வீடாகப் போய்விட்டு, பிறகு கொஞ்ச காலம் கமிஷனிங் மேசையில் உட்கார்ந்திருந்தேன். கவுன்சில் எந்தச் சேவையை, யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்று முடிவு செய்கிற மேசை அது. அங்கே முதலில் ஸ்பெசிஃபிகேஷன் என்றொரு ஆவணம் எழுதுவோம். இன்னின்ன வேலை, இத்தனை பேருக்கு, இந்தக் கணக்கில் அளப்போம் என்று. அதை வைத்து டெண்டர் விடுவோம். வந்தவர்களுக்குத் தரத்துக்கு இத்தனை மார்க், விலைக்கு இத்தனை மார்க் என்று போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். கையெழுத்தான பிறகு மூன்று நாலு வருடத்துக்கு அந்த ஆவணம்தான் வேதம். அதில் இல்லாதது கிடைக்காது. அதில் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே பிசகியிருக்கிறேன்.

நான் எழுதிய ஒன்றில், நிறுவனத்தின் வேலையை ‘தொடர்புகளின் எண்ணிக்கை’ என்று அளந்தோம். எழுதும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும், எண்கள் ஏறிக்கொண்டே போகும், மேலதிகாரிக்குச் சந்தோஷம். ஒரு நாள் ஒரு பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “நான் ஒருவரை இரண்டு மணி நேரம் மழையில் கூட்டிப்போய்ப் பிரம்போடு பஸ் ஸ்டாப் வரை நடக்க வைத்தால் உங்களுக்கு அது ஒன்று. அலுவலகத்தில் ஒருவர் போன் போட்டு ‘நலமா’ என்று கேட்டால் அதுவும் ஒன்று. நான் எதைச் செய்ய?” எனக்குப் பதில் இல்லை. அந்தக் கான்ட்ராக்ட் முடியும்வரை மாற்றவும் முடியவில்லை. பார்வையற்றோருக்கான மறுவாழ்வுப் பயிற்சியை மட்டும் தரும் நிறுவனத்தை, பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன் வந்து சோதனை போடுவதில்லை, அது அவர்களின் பட்டியலில் உள்ள சேவை இல்லை. கவுன்சில்கள் தங்கள் கடமையை எப்படிச் செய்கின்றன என்று 2023 முதல் அந்தக் கமிஷன் பார்க்கிறது என்றாலும், இந்தச் சின்னக் கான்ட்ராக்டைத் தினசரிக் கண்ணில் வைத்திருக்கப்போவது நாம் எழுதும் அந்த ஆவணம் மட்டும்தான்.

நம்மவர்களின் பங்கும் இதில் இருக்கிறது. என் கவுன்சில் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். நீரிழிவும் அதனால் வரும் கண் பாதிப்பும் தெற்காசியர்களிடம் அதிகம் என்பது கண் கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் சேவைக்கு வந்த தமிழ்ப் பெயர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் வீட்டில், மகளோ மருமகளோ வேலையைக் குறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பெசிஃபிகேஷன் எழுதும்போது கையில் இருக்கிற எண்ணைத்தானே போட முடியும்? ‘தேவை குறைவு’ என்று போட்டோம்.

ஆகவே படிவத்தில் உங்கள் அபிப்பிராயத்தைவிட, நடந்ததை எழுதுங்கள். ‘சேவை நன்றாக இருக்கவேண்டும்’ என்று நூறு பேர் எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பயிற்சி நாலாவது தடவையோடு நின்றது, எந்தப் பாடத்தில் நின்றது, அதற்குப் பிறகு அம்மா தனியாக வெளியே போனாரா, நீங்கள் எத்தனை நாள் லீவு போட்டீர்கள். இதை எழுதுங்கள். கான்ட்ராக்ட் கை மாறும்போது பாதிப் பயிற்சியில் இருப்பவர்களைப் பழைய நிறுவனமே முடித்துக்கொடுக்கவேண்டும் என்று புது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவருக்கு நேரில் செலவிடும் மணிநேரத்தை அளக்கச் சொல்லுங்கள், போன் அழைப்புகளை வேண்டாம். தமிழ் பேசுபவர் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளருக்குக் காசு யார் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும், இல்லையென்றால் அது எப்போதும் உங்கள் தலையில்தான். கோலம் பார்த்துப் பயந்ததையும் எழுதலாம். மனத் தைரியம் தரும் பேச்சுத்துணைதான் பணம் இறுகும்போது முதலில் வெட்டுப்படும்.

கண், காது இரண்டையும் ஒன்றாக்குவது நல்லதா? உங்கள் அம்மா மாதிரி இரண்டும் குறைந்தவர்களுக்கு, ஒரே வாசலில் போய் நிற்பது நல்லதுதான். ஆனால் ‘ஒரே குடை’ என்று சொல்லிக் குடையைச் சின்னதாக்கிய இடங்களையும் பார்த்திருக்கிறேன். வயதாகிக் காது மந்தமானவருக்கு வேண்டியது வேறு. பிறவியிலேயே காது கேளாமல் பிரிட்டிஷ் சைகை மொழியில் வாழ்பவருக்கு வேண்டியது முற்றிலும் வேறு. 2022இல் தனிச் சட்டம் கொண்டுவந்து இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் மொழியாக அங்கீகரித்த மொழி அது, அவர்களுக்கு அதில் பேசத் தெரிந்தவர் வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது இன்னொன்று. ஒன்றாகச் சேருங்கள், ஆனால் பிரம்பு சொல்லித்தரும் நிபுணரின் மணிநேரம் எத்தனை, சைகை மொழிக்காரர் மணிநேரம் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. ‘இரண்டும் தெரிந்த பொது ஊழியர்’ என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

படிவம் பெரிய எழுத்திலோ ஒலிப்பதிவாகவோ வேண்டும், அல்லது போனில் சொல்லிப் பதிவு செய்யவேண்டும் என்று அம்மாவின் பெயரில் கேட்கலாம். கண் தெரியாதவர்களின் சேவையைப் பற்றிக் கண் தெரிந்தவர்கள் மட்டும் பதில் சொல்லக்கூடிய படிவத்தை வைத்துக்கொண்டு ‘எல்லோரையும் கேட்டோம்’ என்று சொல்ல முடியாது. சமத்துவச் சட்டம் 2010 அதைப் பார்க்கச் சொல்கிறது. தமிழில் வேண்டும் என்பது அதே அளவு உறுதியான உரிமை இல்லை. ஆனால் கேட்டால் ஒரு கூட்டத்துக்காவது மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது நடக்கிற காரியம். கோயில், தமிழ்ப் பள்ளி என்று பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் இன்னும் சுலபம். கருத்துக் கேட்பதைச் சடங்குக்கு நடத்த முடியாது என்பதைக் கவுன்சில்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. ஹாரிங்கே கவுன்சில், கவுன்சில் வரிச் சலுகை பற்றிக் கருத்துக் கேட்டபோது மாற்று வழிகளைச் சொல்லாமலே கேட்டதால், அது நியாயமான கலந்தாய்வு இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் படிவத்தில் ‘ஒன்றாக்குவோம்’ என்பதைத் தவிர வேறு வழி எதுவும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு கேள்வியும் போட்டுவையுங்கள்: சான்றிதழ் வந்ததிலிருந்து பயிற்சி தொடங்கச் சராசரியாக எத்தனை நாள், இப்போது எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? 20 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும், காசு கிடையாது. அந்த எண்ணோடு உங்கள் வார்டு கவுன்சிலரைப் போய்ப் பார்த்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால் முறைப்படி கவுன்சிலிடம் புகார் எழுதுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன் என்ற குறைகேள் அதிகாரி இருக்கிறார். இலவசம், வக்கீல் தேவையில்லை. விஷயம் தெரிந்த 12 மாதத்துக்குள் போகவேண்டும். மதிப்பீட்டுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் கெடு இல்லை, ஆனால் நியாயமான காலத்துக்குள் செய்தாயா என்று அவர் கேட்பார். “அது அந்த நிறுவனத்தின் தப்பு” என்ற பதில் அவரிடம் செல்லாது. ஆனால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. ‘9ஆம் பிரிவு’, ‘டெஃப்பிளைண்ட்’ இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தால் அது பொதுவாக ஒரு மேசையில் தூங்குவதில்லை.

மதிப்பீட்டுக்கு ஆள் வருகிற நாளைப் பற்றி ஒன்று. நாம் வழக்கமாக என்ன செய்வோம்? வீட்டைக் கழுவித் துடைத்து, அம்மாவுக்கு நல்ல சேலை கட்டிவிட்டு, வந்தவருக்குத் தேநீரும் வடையும் வைத்து, “அம்மா நல்லா இருக்கிறா” என்போம். ஒரு பயிற்சியாளர் ஒருமுறை என்னிடம் வியந்து சொன்னார். ஒரு தமிழ்ப் பாட்டிக்கு அரிசிக்குத் தண்ணீர் அளக்கக் கருவி கொண்டுபோனாராம், பாட்டி விரலை உள்ளே விட்டு முதல் கணு வரை தண்ணீர் வைத்துக் காட்டினாராம். “ஐம்பது வருடமாக இவர்கள் பார்க்காமலேதான் அளந்திருக்கிறார்கள்!” என்றார். அதே பாட்டி, சோறு வெந்ததும் கஞ்சி வடிக்கப் பானையைத் தூக்கியபோது இவர் பயந்து பாய்ந்து பிடித்தாராம். இரண்டையும் அவர் நேரில் பார்த்ததால்தான் எதைப் பழக்கவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தெரிந்தது.

அதனால் அன்றைக்குத் தேநீர் நீங்கள் போடாதீர்கள். அம்மா போடட்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.